மரினாராவில் மீன் இருக்கிறதா?

நேப்பிள்ஸ் நகரத்தின் பழைய பகுதியில், சேசரே செர்சாலே தெருவில் 'தா மிக்கேலே' என்றொரு பீட்சாக் கடை இருக்கிறது. கொந்துர்ரோ குடும்பத்தார் 1870-ல் தொடங்கிய தொழில் அது. நெடுங்காலம் அந்தக் கடையின் பட்டியலில் இரண்டே பெயர்கள்தாம் இருந்தன: மரினாரா, மர்கெரீத்தா. மரினாரா வேண்டும் என்று சொன்னால், தட்டின் விளிம்பைத் தாண்டித் தொங்கும் பெரிய பீட்சா ஒன்று வரும். மேலே மசித்த தக்காளி, மெலிதாகச் சீவிய பூண்டு, காய்ந்த ஒரிகானோ, ஒரு சுழி ஆலிவ் எண்ணெய். அவ்வளவுதான். சீஸ் கிடையாது. மீனோ இறாலோ எதுவும் கிடையாது.

அதே பெயரை நியூயார்க்கில் சொன்னால், எதோடு வேண்டும் என்று கேட்பார்கள். அங்கே மரினாரா என்பது தக்காளிச் சாஸ். பொரித்த மொசரெல்லாத் துண்டுகளைத் தொட்டுக்கொள்ளச் சின்னக் கிண்ணத்தில் வரும். பாஸ்தாவின் மேல் ஊற்றித் தருவார்கள். மளிகைக் கடையில் கண்ணாடிப் புட்டியில் கிடைக்கும். சிட்னியிலோ மெல்போர்னிலோ மரினாரா பீட்சா கேட்டால், இறாலும் கணவாய் வளையங்களும் மட்டிச் சதையும் போட்ட பீட்சா வந்து சேரும். அமெரிக்கரும் ஆஸ்திரேலியரும் பேசுவது ஒரே ஆங்கிலம்தான். சொல்லின் எழுத்தும் ஒன்றுதான். ஒருவருக்குச் சைவம், மற்றவருக்கு அசைவம்.

உணவுப் பெயர்கள் ஊர் மாறும்போது ருசி மாறுவது எல்லா நாட்டிலும் நடப்பதே. மரினாராவின் கதை அதைவிடச் சற்று ஆழமானது. ஆங்கிலம் இந்தச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டது. அதைத் தாங்கி நின்ற இலக்கணத்தை இத்தாலியிலேயே விட்டுவிட்டது. அப்படி விட்ட இடத்தில் எப்படிப் புதிய பொருள் முளைக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் உணவுப் பெயர் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இத்தகைய பெயர்கள் தமிழுக்கு வருவது பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகத்தான். அதனால் இந்தக் குழப்பத்தில் நமக்கும் பங்குண்டு.

வேர் எளிமையானது. லத்தீனில் 'மரே' என்றால் கடல். அதிலிருந்து 'மரீனுஸ்', கடல் சார்ந்தது. இத்தாலியனில் 'மரினாரோ' என்பது கடலோடியைச் சார்ந்தது, கடல் தொழிலைச் சார்ந்தது என்று பொருள்படும் பெயரடை. அதன் பெண்பால் வடிவம் 'மரினாரா'. உணவுக்கு வெளியேயும் இந்தச் சொல் இத்தாலியரின் அன்றாடப் பேச்சில் புழங்குகிறது. வெனிஸ், ஜெனோவா, பீசா, அமால்ஃபி ஆகிய நான்கு இடைக்காலக் கடல்வணிக அரசுகளையும் பள்ளிப் பாடப் புத்தகங்கள் 'ரெபுப்ளிக்கே மரினாரே' என்றுதான் அழைக்கின்றன. குழந்தைகளுக்கு அணிவிக்கும், முதுகுப் பக்கம் சதுரக் கழுத்துப்பட்டை தொங்கும் மாலுமிச் சட்டைக்கு 'வெஸ்தீத்தோ அல்லா மரினாரா' என்று பெயர். இந்த இரண்டு வழக்கிலும் மீன் இல்லை. கடலில் பிழைக்கும் மனிதர்களே இருக்கிறார்கள்.

சட்டையின் பெயரில் வரும் 'அல்லா' என்ற முன்னொட்டுதான் இங்கே முக்கியம். இத்தாலியச் சமையலில் 'அல்லா' என்று தொடங்கும் பெயர் வந்தால், 'இன்னாருடைய பாணியில்' என்று பொருள். முழுமையாகச் சொன்னால் 'அல்லா மனியேரா மரினாரா', அதாவது கடலோடிகளின் முறைப்படி. 'மனியேரா' பெண்பால் சொல் என்பதால் அடையும் பெண்பால் ஆகிறது. 'பீட்சா'வும் இத்தாலியனில் பெண்பால். ஆகவே முன்னொட்டை விட்டுவிட்டுப் 'பீட்சா மரினாரா' என்று சொன்னாலும் இலக்கணம் பொருந்துகிறது.

'அல்லா' குடும்பத்தில் இன்னும் பல உறுப்பினர்கள் உண்டு. 'அல்லா கச்சத்தோரா' என்றால் வேட்டைக்காரர் பாணி. அந்தப் பெயரில் சமைக்கப்படுவது பெரும்பாலும் வீட்டுக் கோழி. 'கார்பொனாரா' கரிமூட்டம் போடுபவர்களின் பெயரைத் தாங்கியது. அந்தப் பாஸ்தாவில் முட்டையும் பன்றிக் கன்னக்கறியும் உண்டு, கரி இல்லை. 'போஸ்கயோலா' மரம்வெட்டிகளின் பாணி. இவை உண்பவரையோ சமைப்பவரையோ சுட்டும் பெயர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் வேலை இவற்றுக்கு இல்லை. நமக்கும் இது புதிதல்ல. செட்டிநாட்டுக் கோழி என்றால் அந்தப் பக்கத்து மசாலாக் கைப்பக்குவம் என்று கேட்பவருக்கு உடனே புரிகிறது. மைசூர்பாகில் மைசூர் எங்கே என்று யாரும் தேடுவதில்லை.

ஆக, மரினாரா என்றால் கடலோடிகள் சாப்பிடும் முறையில் செய்தது. ஏன் கடலோடிகள் என்பதற்கு நேப்பிள்ஸில் இரண்டு விளக்கம் சொல்வார்கள். இரவெல்லாம் வளைகுடாவில் வலை போட்டுவிட்டு விடியலில் கரை திரும்பும் மீனவர்கள், துறைமுகத்து அடுப்புக் கடைகளில் இதை வாங்கித் தின்றார்கள் என்பது ஒன்று. பூண்டு, காய்ந்த ஒரிகானோ, எண்ணெய் எல்லாம் கப்பலில் நாள்பட்டாலும் கெடாத சரக்குகள், அதனால் கடற்பயணச் சமையலில் இடம்பெற்றவை என்பது மற்றொன்று. எனக்கு முதலாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. பிடித்த மீனை விற்றுக் காசாக்குகிறவன் அதையே காலை உணவின் மேல் போட்டுத் தின்னமாட்டான். நம் கடற்கரைகளிலும் நல்ல மீன் ஏலத்துக்குப் போகும். மிஞ்சியதுதான் வீட்டுக்கு வரும்.

எப்போது தோன்றியது என்ற கேள்வியில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2010 பிப்ரவரி 4 அன்று 97/2010 என்ற எண்ணுள்ள ஒழுங்குமுறையின்படி 'பீட்சா நாப்போலேத்தானா'வை மரபுவழிச் சிறப்புப் பொருளாகப் பதிவு செய்தது. அந்த ஆவணம் மரினாரா 1734-ல் உருவானது என்றே எழுதுகிறது. அந்த ஆண்டை நான் அப்படியே ஏற்கத் தயங்குகிறேன். அமெரிக்காவிலிருந்து வந்த தக்காளி இத்தாலியச் சமையலறையில் நிலைகொள்ள நெடுங்காலம் ஆயிற்று. நேப்பிள்ஸில் பணிபுரிந்த அந்தோனியோ லத்தீனி 1690களில் வெளியிட்ட சமையல் நூலில் தக்காளிச் சாஸ் வருகிறது. ஆனால் 'ஸ்பானியப் பாணி' என்ற பெயரோடு, வெளிநாட்டு விருந்தாளியாகத்தான் வருகிறது. பாஸ்தாவோடு தக்காளி சேரும் குறிப்பு 1790-ல் பிரான்செஸ்கோ லெயொனார்தியின் நூலில் கிடைக்கிறது. இந்த வரிசையில் 1734 முந்திக்கொண்டு தனியாக நிற்கிறது.

பயணிகளின் குறிப்புகள் இன்னும் உதவும். அலெக்சாந்தர் தூமா 1843-ல் வெளியிட்ட 'லெ கொரிகோலோ' என்ற நேப்பிள்ஸ் பயண நூலில் பீட்சா வகைகளைச் சொல்கிறார்: எண்ணெய் பீட்சா, கொழுப்பு பீட்சா, சீஸ் பீட்சா, தக்காளி பீட்சா, சின்ன மீன் பீட்சா. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்செஸ்கோ தெ பூர்கார்ட் பதிப்பித்த நேப்பிள்ஸ் வழக்கங்கள் பற்றிய தொகுப்பில் எம்மானுவேலே ரொக்கோ எழுதும்போது, மிகச் சாதாரணமான பீட்சாவை 'பூண்டும் எண்ணெயும்' போட்டது என்று குறிக்கிறார். ஒரிகானோவும் உப்பும் அதில் உண்டு. இன்றைய மரினாராவிலிருந்து தக்காளியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அதுதான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மீன் போட்ட பீட்சா அப்போதும் தனியாக இருந்தது. பொடிமீனுக்கு நேப்பிள்ஸ் பேச்சில் 'செச்செனியெல்லி' என்று பெயர்; அது போட்டால் பீட்சாவின் பெயரிலேயே அதைச் சொல்லிவிடுவார்கள். மீனுக்கு நேரான பெயர் இருந்த ஊரில், கடலோடியின் பெயரை மீனுக்கு வைக்க வேண்டிய தேவை வரவில்லை.

மரினாராவைச் செய்யும் முறை அந்த ஐரோப்பிய ஆவணத்திலேயே கிராம் கணக்கில் இருக்கிறது. புளித்துப் பொங்கிய மாவு உருண்டையைப் பளிங்கு மேசையில் வைத்து, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி விரல்களால் அழுத்திக் காற்றைத் தள்ளுவார்கள், உருட்டுக்கட்டை கூடாது. நடுவில் 70 முதல் 100 கிராம் மசித்த தக்காளியைக் கரண்டியால் வைத்து, சுழி போட்டுப் பரப்ப வேண்டும். உப்பு, ஒரு சிட்டிகை ஒரிகானோ, தோல் உரித்துச் சீவிய ஒரு பல் பூண்டு. கடைசியாக 4 அல்லது 5 கிராம் ஆலிவ் எண்ணெய், அதுவும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுழித்து. 485 டிகிரி செல்சியஸ் சூடுள்ள விறகு அடுப்பில் 60 முதல் 90 விநாடி. விட்டம் 35 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. விளிம்பு 1 முதல் 2 சென்டிமீட்டர் உப்பியிருக்க வேண்டும். பூண்டுச் சீவல் அந்தச் சூட்டில் ஓரம் பொன்னிறமாகி, நடுவில் பாதி வெந்த நிலையில் நின்றுவிடும். தக்காளியின் புளிப்பும் பூண்டின் காரமும் எண்ணெயில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். சீஸ் வந்து மூடாததால் மாவின் தரமும் தக்காளியின் தரமும் அப்படியே நாக்குக்குத் தெரியும்.

இந்தப் பெயர் ஆங்கிலத்துக்குப் போனது கப்பலில்தான். 1880 முதல் 1920 வரை 40 லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர் அமெரிக்காவில் இறங்கினார்கள். பெரும்பாலோர் தென்னித்தாலியக் கிராமத்தார். நேப்பிள்ஸ் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். அவர்கள் வீட்டில் இரண்டு வகைத் தக்காளிச் சாஸ் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்பில் ஏற்றி, இறைச்சித் துண்டுகளோடு மணிக்கணக்கில் கொதிக்கவிடுவது ஒன்று. பல குடும்பங்களில் இன்றும் அதற்கு ஆங்கிலத்தில் 'கிரேவி' என்றே பெயர். வேலை நாளில், பூண்டை எண்ணெயில் வதக்கித் தக்காளியைக் கொட்டி, பாஸ்தா வேகும் நேரத்துக்குள் இறக்குவது மற்றொன்று. இந்த அவசரச் சாஸுக்குத்தான் மரினாரா என்ற பெயர் நின்றது. அதில் பீட்சா மரினாராவின் தக்காளி, பூண்டு, எண்ணெய் எல்லாம் இருக்கின்றன. பொருள் அறுந்துபோகவில்லை. பீட்சாவின் மேலிருந்த பூச்சு பீட்சாவை விட்டுவிட்டுத் தனியே நடந்தது என்று சொல்லலாம்.

அமெரிக்க ஆங்கிலத்தில் நடந்த பெரிய மாற்றம் இலக்கணத்தில்தான். இத்தாலியனில் அடையாக இருந்த சொல், அமெரிக்காவில் பெயர்ச்சொல்லாகிவிட்டது. முதலில் 'மரினாரா சாஸ்', பிறகு வெறும் 'மரினாரா'. 'கொஞ்சம் மரினாரா ஊற்று' என்று சொல்லலாம். 'மரினாரா தீர்ந்துவிட்டது' என்று கவலைப்படலாம். இத்தாலியனின் காதில் இது 'கொஞ்சம் கடலோடித்தனமான ஊற்று' என்பதுபோல் அந்தரத்தில் தொங்கும். ஊற்றுகிற தக்காளிச் சாஸுக்கு அவன் சொல்வது 'சூகோ தி பொமொதோரோ' அல்லது 'சல்சா தி பொமொதோரோ'. பெயர்ச்சொல்லாகிவிட்ட பிறகு அதைப் புட்டியில் அடைப்பதும் எளிதாயிற்று. நியூயார்க் மாநிலத்து ரோச்செஸ்டரில் ஜொவான்னி, அசுந்தா கந்திசானோ தம்பதியர் 1937-ல் தொடங்கிய 'ரகு' போன்ற நிறுவனங்கள் பாஸ்தாச் சாஸை அலமாரிச் சரக்காக்கின. இன்று அமெரிக்க, பிரிட்டிஷ் அகராதிகள் மரினாராவுக்குத் தரும் முதல் பொருள் தக்காளியும் வெங்காயமும் மூலிகையும் சேர்த்த சாஸ் என்பதே. வெங்காயம் எப்போது நுழைந்தது பாருங்கள். நேப்பிள்ஸ் பீட்சாவில் அதற்கு இடமே இல்லை.

ஆஸ்திரேலியாவில் கதை வேறு திசையில் போயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1950களிலும் 60களிலும் இத்தாலியர் பெருந்திரளாக அங்கே குடியேறினார்கள். மக்கள்தொகையில் பெரும்பகுதி கடலோர நகரங்களில் வாழும் நாடு அது; மீன்சந்தையும் பெரிது. அங்கே மீன்கடைக்குப் போனால் பனிக்கட்டியின் மேல் அடுக்கிய மீன் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் இறால், கணவாய், மட்டி, வெள்ளை மீன் துண்டு எல்லாம் கலந்து குவித்து வைத்திருப்பார்கள். மேலே செருகிய அட்டையில் 'மரினாரா மிக்ஸ்' என்று எழுதியிருக்கும். எடை போட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பாஸ்தாவில் போடலாம், பீட்சாவில் போடலாம். மரினாரா என்றால் கலந்த கடல் உணவு என்பது அங்கே சிறுபிள்ளைக்கும் தெரிந்த பொருள். அமெரிக்கச் சமையல் குறிப்பைப் பார்த்து மரினாரா வாங்கப் போகும் ஆஸ்திரேலியர் மீன்கடைக்குப் போய்விடுவார்.

இது எப்படி நேர்ந்தது? ஆங்கிலக் காது முதல் காரணம். கடல் சார்ந்ததற்கு ஆங்கிலத்தில் 'மரைன்', கடலோடிக்கு 'மாரினர்', படகுத்துறைக்கு 'மரீனா', நீர்மூழ்கிக்கு 'சப்மரைன்'. இவை அனைத்தும் அதே லத்தீன் கடலிலிருந்து வந்தவை. உப்புநீரில் ஊறவைப்பதிலிருந்து பிறந்த 'மாரினேட்' கூட அதே வேர்தான். இவ்வளவு உறவுகளைக் கேட்டுப் பழகிய காதுக்கு மரினாரா என்றதும் கடல் தெரிகிறது. 'அல்லா' இருந்திருந்தால், கடலோடியின் பாணி என்று அது நிறுத்தியிருக்கும். அது விழுந்துவிட்டதால் கடலிலிருந்து நேரே மீனுக்குப் போய்விட்டார்கள். பிரெஞ்சு உணவகங்களில் கிடைக்கும் 'மூல் மரினியேர்' என்ற மட்டிச் சமையலும் இந்த எண்ணத்துக்கு வலுச் சேர்த்திருக்கலாம். அதில் தக்காளி இல்லை, வெள்ளை ஒயினும் மட்டியும் உண்டு.

ஆனால் ஆஸ்திரேலியரைப் பிழை செய்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது. இத்தாலியிலேயே இந்தத் தொடருக்கு இரண்டு முகம் இருக்கிறது. 'ரிசொத்தோ அல்லா மரினாரா' கேட்டால் கடல் உணவு போட்ட சோறுதான் வரும். 'கொட்சே அல்லா மரினாரா' என்பது மட்டிச் சமையல். மீனவர் பாணி என்று பொருள்படும் 'அல்லா பெஸ்கத்தோரா' என்பதும் இதன் பக்கத்திலேயே புழங்குகிறது. கடலோடி என்ற சொல் ஒரு பக்கம் ஏழையின் பூண்டு பீட்சாவையும் மறுபக்கம் கடலின் விளைச்சலையும் சுட்டிக்கொண்டுதான் இருந்தது. பீட்சா என்ற ஓர் இடத்தில் மட்டும் பொருள் இறுகி நின்றது. ஆஸ்திரேலியா ரிசொத்தோவின் வழக்கைப் பீட்சாவுக்கும் கொண்டுபோனது; அமெரிக்கா பீட்சாவின் பூச்சைப் பாஸ்தாவுக்குக் கொண்டுபோனது. இரண்டுக்கும் இத்தாலியில் வேர் உண்டு. ஆகவே எது சரி என்று கேட்பதைவிட, எந்த ஊரில் நின்று கேட்கிறோம் என்று பார்ப்பதே பயன் தரும். நேப்பிள்ஸ் பீட்சாக்காரர்கள் 1984-ல் அமைத்த சங்கம் மரினாராவுக்கு வரையறை வகுத்ததும், அவர்களின் கலையை யுனெஸ்கோ 2017-ல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததும் நியாயமானவை. சிட்னி மீன்கடையின் அட்டையை அந்த வரையறைகள் மாற்றிவிடப்போவதில்லை.

பீட்சாப் பெயர்களில் ஆங்கிலம் இன்னும் துணிந்து கைவைத்தது பெப்பரோனியில். இத்தாலியனில் 'பெபெரோனே' என்றால் குடமிளகாய், பன்மை 'பெபெரோனி'. அமெரிக்காவில் பெப்பரோனி என்பது மிளகாய்த் தூள் சேர்த்துப் புளிக்கவைத்து உலர்த்திய பன்றி, மாட்டிறைச்சிச் சாசேஜ். இத்தாலியில் அந்தப் பெயரில் சாசேஜ் கிடையாது; அதற்கு நெருங்கிய காரச் சலாமி போட்ட பீட்சாவுக்கு அங்கே 'தியாவொலா', பேய் என்று பெயர். நேப்பிள்ஸில் பெபெரோனி பீட்சா கேட்கும் அமெரிக்கப் பயணிக்குக் குடமிளகாய் வரும். ஜெர்மனியில் இதே சொல் காரமிளகாயைக் குறிக்கிறது. ஆங்கிலம் எழுத்திலும் மாற்றம் செய்தது: இத்தாலியனில் ஒற்றையாக இருக்கும் எழுத்தை, 'பெப்பர்' என்ற தன் சொல்லைப் பார்த்து இரட்டித்துக்கொண்டது.

அந்தப் 'பெப்பர்' எங்கிருந்து போனது? லத்தீன் 'பிபெர்', கிரேக்கம் 'பெபெரி', அதற்கு முன்னால் இந்தியாவின் 'பிப்பலி'. நம் திப்பிலிதான் அது. கொலம்பஸுக்குப் பிறகு அமெரிக்க மிளகாய் வந்தபோது, இத்தாலியர் மிளகின் பெயரான 'பெபே'யைப் பெரிதாக்கிப் 'பெபெரோனே' என்றார்கள். தமிழர்களும் அதே வேலையை அதே முறையில் செய்திருக்கிறோம்: மிளகு, பிறகு மிளகாய். ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாமல் இரண்டு மொழிகள் ஒரே மாதிரி பெயர் வைத்ததை நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

மர்கெரீத்தாவின் சிக்கல் உச்சரிப்பில் பிறந்தது. உம்பெர்த்தோ மன்னரின் மனைவி, சவோய் குலத்து அரசி மர்கெரீத்தா 1889-ல் நேப்பிள்ஸ் வந்தபோது ரஃபாயெலே எஸ்பொசீத்தோ என்ற பீட்சாக்காரர் செய்து தந்தார், அரசியின் பெயரைச் சூட்டினார் என்பது ஊரறிந்த கதை. அதற்குச் சான்றாகக் காட்டப்படும், 1889 ஜூன் 11 தேதியிட்ட அரண்மனைக் கடிதத்தின் நம்பகத்தன்மையை ஆய்வாளர் சாக்கரி நோவாக் 2014-ல் கேள்விக்குள்ளாக்கினார். கதை எப்படி இருந்தாலும் பெயர் அரசியுடையது. இத்தாலிய எழுத்தில் 'க'வின் ஒலி 'எ'யின் முன்னால் மெலிந்து 'ஜ' ஆகிவிடாமல் இருக்க ஓர் எழுத்தைக் கூடுதலாகச் செருகுவார்கள். 'ஸ்பகெத்தி'யிலும் அதே எழுத்து உண்டு. ஸ்பகெத்தியில் அதைக் காப்பாற்றிய ஆங்கிலேயர், மர்கெரீத்தாவில் தவறவிட்டார்கள். காரணம் பக்கத்திலேயே இருந்த 'மார்கரிட்டா' என்ற மெக்சிகோ மதுக்கலவை. இரண்டையும் ஆங்கிலத்தில் ஒரே மாதிரி உச்சரிக்கிறார்கள். அதனால் பல உணவகப் பட்டியல்களில் அரசியின் பெயருக்குப் பதில் டெக்கீலா கலவையின் எழுத்து அச்சாகிறது. இந்த ஒன்றை மட்டும் நான் பிழை என்றே சொல்வேன். மரினாராவில் பொருள் வளர்ந்தது. இங்கே எழுத்து கவனக்குறைவால் விழுந்தது.

ஆனாலும் இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை. இத்தாலிய மர்கெரீத்தாவுக்கும் ஸ்பானிய மார்கரிட்டாவுக்கும் டெய்சிப் பூ என்று பொருள். இரண்டுக்கும் தாய் கிரேக்க 'மர்கரீதேஸ்'. அதன் பொருள் முத்து. வெண்ணெய்க்குப் பதிலாக வந்த 'மார்கரின்' கூட முத்துப்போன்ற மினுக்கத்தை வைத்துப் பெயர் பெற்றது.

கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிவைத்த 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் குறிப்பின் 56ஆம் பகுதி, சேரநாட்டு முசிறியிலிருந்து கப்பலேறிய சரக்குகளை வரிசைப்படுத்துகிறது. முதலில் மிளகு, 'பெபெரி'. அடுத்து முத்து, 'மர்கரீதேஸ்'. பாண்டியனின் கொற்கைக் கடலில் முத்துக் குளித்ததையும் சில பகுதிகள் தள்ளி அதே நூல் சொல்கிறது. யவனர் கப்பல்கள் பொன் கொண்டுவந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்வதும் அந்த முசிறியைத்தான். இன்று உலகம் முழுவதும் ஆங்கிலத்தில் அதிகம் உச்சரிக்கப்படும் இரண்டு பீட்சாப் பெயர்களின் வேர்ச்சொற்கள், ஒரே ஏற்றுமதிப் பட்டியலில் அடுத்தடுத்து நிற்கின்றன. பீட்சா நம்முடையது என்று இதற்குப் பொருளில்லை. அந்த வேலைக்கு நான் வரவில்லை. சொற்கள் சரக்கோடு பயணம் செய்கின்றன, சரக்கு தீர்ந்த பிறகும் தங்கிவிடுகின்றன என்பதற்கு இதைவிடக் கைக்கு அருகில் உள்ள சான்று நமக்கு வேண்டியதில்லை.

இந்தியாவுக்குப் பன்னாட்டுப் பீட்சா நிறுவனங்கள் வந்தது 1996-ல். பெயர்கள் ஆங்கில எழுத்தில் வந்தன. பொருள்கள் பெரும்பாலும் அமெரிக்கப் பொருள்கள். நம் ஊர்களில் மரினாரா என்றால் சாஸ் என்று எண்ணுகிறவர்களே அதிகம். அந்தப் பழக்கத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகும் சைவ உணவுக்காரர், அங்கே மரினாரா கேட்டால் தட்டில் இறாலைப் பார்ப்பார். இறால் ஒவ்வாமை உள்ளவருக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். மாறாக, நேப்பிள்ஸில் பால்பொருள்கூட வேண்டாம் என்பவருக்கு மரினாராவைவிடப் பாதுகாப்பான பீட்சா இல்லை. அங்கே பெயரைப் பார்த்து மீன் என்று பயந்து ஒதுக்கினால் நகரத்தின் சிறந்த உணவை இழந்துவிட்டு வருவார்.

தமிழில் உணவுப் பட்டியல் அச்சடிப்பவர்களிடமும், சமையல் குறிப்பு எழுதுபவர்களிடமும், பயண நூல் மொழிபெயர்ப்பவர்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான். பெயரை இத்தாலிய ஒலிக்கு நெருக்கமாகத் தமிழில் எழுதுங்கள். நம் எழுத்தால் அது முடியும். மதுவுக்கு மார்கரிட்டா, பீட்சாவுக்கு மர்கெரீத்தா என்று பிரித்து எழுதினால் ஆங்கிலத்தில் விழுந்த எழுத்தை நாம் மீட்டுவிடலாம். பெயருக்கு அடியில் ஒரே வரியில் சேர்மானத்தையும் எழுதிவிடுங்கள். மரினாரா: தக்காளி, பூண்டு, ஒரிகானோ, ஆலிவ் எண்ணெய்.